கேமராவை எப்போது மாற்ற வேண்டும்? திருமணப் படம் எடுப்போருக்கும் ஆர்வலர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய கேமரா வாங்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம், இப்போதுள்ள கேமராவால் சரியாக எடுக்க முடியாமல் போன படங்களைக் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். அந்தப் படங்களை அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, குறை கேமராவில் இருப்பது அரிதாகவும், லென்ஸிலோ வெளிச்சத்திலோ அமைப்புகளைத் தேர்ந்த விதத்திலோ இருப்பது மிகுதியாகவும் தெரியவரும். ஆனாலும் பெரும்பாலோர் முதலில் மாற்ற நினைப்பது பாடியைத்தான், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை. விலை அதிகமானதும், மதிப்பு விரைவாக இறங்குவதும் அதுவே. ஆகவே மற்றவற்றால் தீராத குறை இது, பாடியால் மட்டுமே தீரும் என்று உறுதியான பிறகு கேமராவை மாற்றுவதே சரியான வரிசை. அந்த உறுதிக்கு எப்படி வருவது என்பதைத் தமிழ்நாட்டுத் திருமண மண்டபங்களில் படம் எடுப்பவரை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன். குடும்ப நிகழ்ச்சிகளையும் கோயில் விழாக்களையும் எடுக்கும் ஆர்வலர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: கெட்டுப்போன படங்களைத் தனியே எடுங்கள்

கடந்த சில மாதங்களில் எடுத்தவற்றுள், ஆல்பத்தில் சேர்க்க விரும்பியும் சேர்க்க முடியாமல் போன படங்களை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். நன்றாக வந்த படங்களுக்கு இந்த ஆய்வில் வேலை இல்லை. ஒவ்வொரு கோப்பிலும் ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), குவியத் தூரம் (லென்ஸின் மி.மீ. அளவு) ஆகியவை பதிவாகியிருக்கும். எந்த எடிட்டிங் மென்பொருளிலும் அவற்றைப் பார்க்கலாம். படத்தின் குறையையும் இந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

முகம் கலங்கியிருந்து ஷட்டர் வேகம் 1/30 என்று இருந்தால் அது அசைவினால் வந்த கலக்கம். நடமாடும் மனிதர்களுக்கு 1/125 வினாடியாவது வேண்டும். நடனத்துக்கும் குழந்தைகளுக்கும் அதனினும் விரைவாக வேண்டும். ஷட்டர் வேகம் போதுமான அளவு இருந்தும் மணமகளின் கண்கள் கலங்கி, பின்னால் இருக்கும் வாழைமரத் தோரணம் துல்லியமாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு சோதனை செய்யலாம்: கேமராவை முக்காலியில் வைத்து, ஒரே பொருளை வியூஃபைண்டர் வழியாக ஒரு முறையும் லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, ஒரு முறையும் ஃபோகஸ் செய்து எடுங்கள். லைவ் வியூவில் துல்லியமாகவும் வியூஃபைண்டரில் கலங்கலாகவும் வந்தால், அந்த லென்ஸும் பாடியும் ஒன்றுக்கொன்று இசைவாகச் சரிசெய்யப்படவில்லை என்று பொருள். நடுத்தர, உயர்நிலை பாடிகளின் மெனுவிலேயே இதைத் திருத்தும் வசதி உண்டு. மற்றவற்றைச் சர்வீஸ் மையத்தில் கொடுத்துச் சரிசெய்யலாம். இந்த ஒரு திருத்தத்தோடு, கேமராவை மாற்றியே தீர வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டவர்கள் பலர்.

கலக்கம் இல்லை, ஃபோகஸும் சரி, ஆனால் முகம் முழுவதும் புள்ளி புள்ளியாக நாய்ஸ் நிறைந்திருக்கிறது என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: மண்டபத்து வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

மாங்கல்யம் பூட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஹோமப் புகை கிளம்பியிருக்கிறது. உறவினர்கள் அட்சதையோடு முன்னே நெருக்குகிறார்கள். வீடியோக்காரரின் விளக்கு ஒரு பக்கத்தில் மட்டும் விழுகிறது. உங்களிடம் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் சிறிய அளவுச் சென்சார் கொண்ட தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரும், அதனோடு வந்த 18-55 கிட் லென்ஸும் என்று கொள்ளுங்கள். 55 மி.மீ. அளவுக்கு ஜூம் செய்தவுடன் அந்த லென்ஸின் அப்பர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). ஷட்டரை 1/125-இல் வைத்தால் ஐஎஸ்ஓ 6400 வரை ஏற வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறுவது. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ.; நிக்கான், சோனி, ஃபியூஜி ஆகியவற்றின் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. பரப்பளவில் முன்னது பின்னதைப்போல் சுமார் 2.4 மடங்கு. அதே எஃப் 5.6-இல் எடுத்தால், ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ 6400-இல் தெரியும் நாய்ஸ், பழைய கேமராவில் 2700-ஐ ஒட்டித் தெரிந்த அளவுக்குக் குறையும். இரண்டாவது வழி, இருக்கும் பாடியிலேயே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுவது. எஃப் 5.6-இலிருந்து எஃப் 1.8-க்கு வரும்போது ஏறத்தாழ 9.7 மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில் 640-ஐ ஒட்டிய அளவே போதுமானதாகிறது. 50 மி.மீ. எஃப் 1.8 பெரும்பாலான நிறுவனங்களின் லென்ஸ் பட்டியலில் மலிவானவற்றுள் ஒன்று. ஃபுல் ஃபிரேம் பாடியின் விலையோடு அதை ஒப்பிடவே முடியாது.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. ஏபிஎஸ்-சி பாடியில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்தால், துல்லியமாக இருக்கும் ஆழம் சுமார் 11 செ.மீ. மட்டுமே. மணமகன் குனிந்து மாங்கல்யம் பூட்டும்போது இருவர் முகமும் அதற்குள் அடங்குவது கடினம். எஃப் 2.8-க்கு வந்தால் ஆழம் 18 செ.மீ. அளவுக்குக் கூடும், அப்போதும் கிட் லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம் கிடைப்பதால் ஐஎஸ்ஓ 1600 போதும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே அவற்றுக்கு மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகை லென்ஸையே வாங்க வேண்டும், பழைய டி வகையில் கையால்தான் ஃபோகஸ் செய்ய முடியும்.

ஃபிளாஷும் இந்தக் கணக்கில் சேரும். வெள்ளை அடித்த கூரையின் மீது ஃபிளாஷை எறிந்து எடுக்கப் பழகிக்கொண்டால் ரிசப்ஷன் படங்களின் தோற்றமே மாறிவிடும். உயரமான கூரையும் கறுப்புத் திரையும் உள்ள மேடைகளில் இது பயன்படாது. அங்கே ஒரு பக்கத்தில் சாஃப்ட்பாக்ஸோடு தனி விளக்கை நிறுத்த வேண்டும். நல்ல லென்ஸ் ஒன்றும், ஃபிளாஷ் ஒன்றும், அவற்றைக் கையாளப் பழகுவதற்கு ஒரு முகூர்த்தக் காலமும் கழிந்த பிறகும் அதே குறை தொடருமானால், அப்போது பாடியைப் பற்றிப் பேசலாம்.

மூன்றாம் படி: பாடியால் மட்டுமே தீரும் குறைகள் எவை

முதன்மையானது ஃபோகஸ் திறன். பழைய டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸ் புள்ளிகள் சட்டகத்தின் நடுவிலேயே குவிந்திருக்கும். 2012-இல் வந்த கேனான் 6டி-யில் 11 புள்ளிகளே இருந்தன. 2018-இல் வந்த சோனி ஏ7 மூன்றாம் பதிப்பில் 693 புள்ளிகள் ஏறத்தாழச் சட்டகம் முழுவதும் பரவியிருந்தன. எண்ணிக்கையைவிட முக்கியமானது, இன்றைய மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராக்கள் கண்ணைத் தாமே கண்டுபிடித்து, ஆள் நகர்ந்தாலும் பின்தொடர்வது. மாலை மாற்றும்போது உறவினர்கள் தூக்கி விளையாடும் மணமக்களை விரிந்த அப்பர்ச்சரில் எடுப்பவர்களுக்கு, உண்மையாகவே படங்களின் எண்ணிக்கையைக் கூட்டித் தருவது இந்த வசதிதான். உங்கள் கெட்ட படங்களின் ஃபோல்டரில் பெரும்பகுதி ஃபோகஸ் தவறியவையாக இருந்து, மேலே சொன்ன சோதனையில் லென்ஸிலும் குற்றம் இல்லையென்றால், கேமராவை மாற்றுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது, இரட்டை மெமரி கார்டு ஸ்லாட். காசு வாங்கிக்கொண்டு திருமணம் எடுப்பவர்களுக்கு இது ஆடம்பரம் அன்று. கார்டு பழுதானால் தாலி கட்டும் படத்தை மறுபடி எடுக்க வழியில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளிலும் பதியும் கேமராவில் அந்த ஆபத்து பெருமளவு நீங்குகிறது. 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், நிக்கான் இசட்6, இசட்7 ஆகியவற்றில் ஒரு ஸ்லாட்டே உண்டு என்பதால், அவற்றைச் செகண்ட் ஹேண்டில் மலிவாகப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர் வேறு எந்தக் காரணமும் இல்லாமல் இந்த ஒன்றுக்காகவே கேமராவை மாற்றினாலும் நான் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, விளக்கு மினுக்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன; படத்தில் அது பட்டை பட்டையாகத் தெரியும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். ஆனால் மேடைப் பின்னணியில் வைக்கும் எல்இடி திரைகள் இதைவிட மிக வேகமாக மினுக்குவதால் இந்த உபாயம் அங்கே எடுபடாது. மிரர்லெஸ் கேமராவில் ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தும்போது, சென்சாரை மெதுவாக வரிசை வரிசையாகப் படிக்கும் மாடல்களில் பட்டைகள் மேலும் கூடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் குறையும். உங்கள் ஊர் மண்டபங்களில் எல்இடி திரை வழக்கமாகிவிட்டதென்றால், வாங்கவிருக்கும் கேமராவை அத்தகைய மேடையின் முன் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

பாடிக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அது ஒன்றும் செய்ய முடியாது. கோயில் பிராகாரத்தையும் சிற்பங்களையும் முக்காலி இல்லாமல் எடுப்பவர்களுக்கு அது பெரிய உதவி. திருமணத்தில் புகைப்படத்தைவிட வீடியோவுக்கே அதிகம் பயன்படும்.

மெகாபிக்சலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நம் ஊரில் பரவலாகச் செய்யப்படும் 12 × 36 அங்குல ஆல்பத்தில் ஒரு பக்கம் 12 × 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால் 3600 × 5400 பிக்சல்கள், அதாவது சுமார் 19.4 மெகாபிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா 6000 × 4000 பிக்சல்களைத் தருகிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. இரு பக்கங்களையும் ஒரே படத்தால் நிரப்பினால் மட்டும் கிட்டத்தட்ட 39 மெகாபிக்சல் கணக்கு வரும், ஆனால் அவ்வளவு பெரிய படத்தைக் கண்ணருகே வைத்து யாரும் பார்ப்பதில்லை. 24-இலிருந்து 45 மெகாபிக்சலுக்குப் போனால் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரு மடங்காகத் தோன்றினாலும், நீள அகலத்தில் கூடுவது ஏறக்குறைய 37 விழுக்காடு மட்டுமே. பறவைப் படம் எடுத்துப் பெரிதும் வெட்டிப் பயன்படுத்துவோருக்கு அது தேவை; திருமணத்துக்குக் கோப்பின் பாரம்தான் கூடும்.

நான்காம் படி: எந்தக் குடும்பத்துக்குள் போகிறீர்கள்

லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பே மவுன்ட். நிக்கான் எஃப் மவுன்ட் 1959-இலும், கேனான் இஎஃப் மவுன்ட் 1987-இலும் தொடங்கியவை. இரு நிறுவனங்களும் 2018-இல் முறையே இசட், ஆர்எஃப் என்ற புதிய மவுன்ட்களைக் கொண்டுவந்து, அதன் பின் தங்கள் உழைப்பை மிரர்லெஸ் பக்கமே திருப்பிவிட்டன. இதனால் பழைய டிஎஸ்எல்ஆர் ஒரே நாளில் பயனற்றதாகிவிடவில்லை. நல்ல நிலையில் இருக்கும் நிக்கான் டி750 இன்றும் எந்த ஆல்பத்துக்கும் போதுமான படத்தைத் தரும். ஆனால் புதிதாக முதலீடு செய்பவர், விலை உயர்ந்த டிஎஸ்எல்ஆர் லென்ஸை இன்று புதிதாக வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். இருக்கும் லென்ஸ்களை என்ன செய்வது என்பதுதான் இங்கே எடைபோட வேண்டியது. கேனான் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆர்எஃப் பாடிகளில் தானியங்கி ஃபோகஸோடு நன்றாகவே இயங்குகின்றன. நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் மூலம் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபோகஸ் செய்யும்; பாடியின் மோட்டாரை நம்பியிருந்த பழைய டி வகை லென்ஸ்கள் செய்யா. உங்கள் பையில் உள்ள லென்ஸ்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் புதிய பாடியில் எப்படி வேலை செய்யும் என்று குறித்துக்கொண்ட பிறகே நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: பாடியின் விலையோடு கணக்கு முடிவதில்லை

கடை சொல்லும் விலையோடு, கூடுதல் பேட்டரி, புதிய வகை மெமரி கார்டு, அடாப்டர், கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றையும் கூட்டுங்கள். ஒரு திருமணத்தில் 2,000 ரா (கேமராவின் மூலப் பதிவு) கோப்புகள் எடுத்து, ஒன்று 30 எம்பி என்று வைத்தால் 60 ஜிபி. 45 மெகாபிக்சல் கேமராவில் ஒன்று 55 எம்பி என்றால் 110 ஜிபி. பிரதிக்கென்று இன்னொரு டிஸ்க்கும் அதே அளவு வேண்டும். கணினி பழையதாக இருந்தால் எடிட்டிங் நேரம் நீளும். மென்பொருள் பழையதாக இருந்தால் புதிய கேமராவின் ரா கோப்புகளை அது திறக்கவே திறக்காது. இந்தக் கடைசிச் செய்தி வாங்கிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஸ்டுடியோவாக இருந்தால், கேமராவுக்கு விதிக்கப்படும் 18 விழுக்காடு வரியைத் தொழில் உபயோகத்துக்கான உள்ளீட்டு வரி வரவாகக் கோர முடியும். 1,18,000 ரூபாய் பில்லில் 18,000 ரூபாய் என்பது சிறிய தொகை அன்று. அதற்கு உங்கள் ஜிஎஸ்டி எண் பில்லில் இடம்பெற வேண்டும். பில் இல்லாமல் விற்கப்படும் கிரே மார்க்கெட் சரக்கில் இந்த வரவும் கிடையாது, நிறுவனத்தின் இந்திய வாரன்டியும் கிடையாது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் அங்கே மலிவாகத் தெரியும் விலை பெரும்பாலும் மலிவாக இருப்பதில்லை.

பிறகு, இந்தக் கேமராவால் வருமானம் எப்படிக் கூடும் என்று நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் 4கே வீடியோ கேட்டு, உங்களால் தர முடியாமல் ஆர்டர்கள் கைநழுவுகின்றன என்றால் அது கணக்கில் வரும் காரணம். பக்கத்து ஸ்டுடியோக்காரர் வாங்கிவிட்டார் என்பது கணக்கில் வராது.

ஆறாம் படி: முதலில் வாடகைக்கு எடுங்கள்

சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற நகரங்களில் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் அதே பாடியை எடுத்து, உங்கள் பழைய கேமராவையும் கூடவே வைத்துக்கொண்டு, ஒரு நிச்சயதார்த்தத்தையோ வளைகாப்பையோ எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் படியில் செய்ததுபோலவே கெட்ட படங்களைப் பிரியுங்கள். பழைய கேமராவில் தோன்றிய குறை புதியதில் உண்மையாகவே மறைந்திருந்தால் வாங்கலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தேவைப்படும் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் போன்றவற்றை எப்போதும் வாடகைக்கே எடுப்பது நல்லது.

ஏழாம் படி: எந்த மாதத்தில் வாங்குவது

திருமணத் தொழிலில் இருப்பவருக்கு ஆடி மாதம் பொருத்தமானது. முகூர்த்தங்கள் இல்லாத அந்த வாரங்களில் புதிய கேமராவின் பொத்தான்களைக் கை தானாகத் தேடும் அளவுக்குப் பழகிக்கொள்ளலாம். ஆவணியில் வேலை தொடங்கும்போது தடுமாற்றம் இருக்காது. மார்கழியும் இவ்வாறே, தை முகூர்த்தங்களுக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி. ஆயுத பூஜையையும் தீபாவளியையும் ஒட்டி வரும் சலுகைகள் கவர்ச்சியானவை. விலையில் மிச்சம் பிடிக்க விரும்பினால் அப்போது வாங்குவதில் தவறில்லை, ஆனால் ஐப்பசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் டப்பாவைப் பிரித்த கேமராவை முதன்மைக் கேமராவாக மண்டபத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு மாடலின் அடுத்த பதிப்பு அறிவிக்கப்பட்டதும் பழையதன் விலை இறங்குவது வழக்கம். அந்தப் பழைய பதிப்பே உங்கள் குறையைத் தீர்க்கும் என்று மூன்றாம் படியில் தெரிந்திருந்தால், அதை வாங்கி மிச்சத்தை லென்ஸில் போடுவதே என் பரிந்துரை.

எட்டாம் படி: செகண்ட் ஹேண்டில் வாங்கினால்

ஷட்டர் கவுன்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை, முதலில் பாருங்கள். நிக்கான் டி750-க்கு 1,50,000, டி850-க்கு 2,00,000 என்று நிறுவனமே சோதனை அளவைக் குறிப்பிடுகிறது. திருமணத்துக்கு 2,000 முதல் 3,000 வரை எடுப்பவர், ஆண்டுக்கு ஐம்பது திருமணங்களில் 1,00,000-ஐத் தாண்டிவிடுவார். ஆகவே ஸ்டுடியோவிலிருந்து வரும் கேமராவின் வயதைவிட இந்த எண்ணே அதன் உண்மையான உழைப்பைச் சொல்லும். நிக்கான் கோப்புகளில் இது பதிவாகியிருக்கும். கேனானின் பல மாடல்களில் தனி மென்பொருளால் பார்க்க வேண்டும்.

அடுத்தது பங்கஸ் எனும் பூஞ்சை. கடலோர ஊர்களில் பையிலேயே மூடிக்கிடந்த லென்ஸ்களை இது எளிதில் பிடிக்கும். அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகச் செலுத்தி முன்பக்கம் வழியாகப் பாருங்கள்: தூசி தனித்தனிப் புள்ளியாகத் தெரியும், பங்கஸ் சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து கிளைவிட்டுப் படர்ந்திருக்கும். அதைக் கண்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சென்சாரைச் சோதிக்க, எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூசி என்றால் துடைத்துக்கொள்ளலாம், கீறல் என்றால் வேண்டாம். அசல் பில்லில் உள்ள வரிசை எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

முதன்முறையாக வாங்குபவர்களுக்கு

கையில் நல்ல ஃபோன் இருந்து, எடுப்பவை பகல் வெளிச்சத்தில் குடும்பப் படங்களாகவும் பார்ப்பது ஃபோன் திரையிலுமாகவே இருந்தால், கேமரா இப்போதைக்குத் தேவையில்லை. தொலைவில் இருப்பதை எடுக்க வேண்டும், தனி ஃபிளாஷ் வைத்து எடுக்க வேண்டும், பெரிய அளவில் அச்சிட வேண்டும் என்ற தேவைகளில் ஏதேனும் ஒன்று திரும்பத் திரும்ப எழும்போது வாங்குங்கள். அப்போதும் தொடக்கநிலை மிரர்லெஸ் பாடியோடு விரிந்த அப்பர்ச்சர் கொண்ட ஒரு லென்ஸையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

வாங்கிய பிறகு

ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருளை) புதுப்பித்து, கார்டுகளைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, முழுவதும் நிரம்பும்வரை எடுத்துச் சோதியுங்கள். பழைய பாடியின் கடிகாரத்தையும் புதியதன் கடிகாரத்தையும் வினாடி பிசகாமல் ஒன்றாக வையுங்கள். இல்லையென்றால் இரண்டின் படங்களையும் நேர வரிசையில் அடுக்கும்போது முகூர்த்தத்துக்கு முன்பே ஆரத்தி வந்து நிற்கும். பழைய பாடியை உடனே விற்காமல் ஒரு முகூர்த்தக் காலம் முழுவதும் இரண்டாம் கேமராவாக வைத்திருந்து, புதியது எந்தச் சூழலிலும் கைவிடவில்லை என்று தெரிந்த பிறகு, வாரன்டி அட்டை, பில், சார்ஜர், டப்பா ஆகியவற்றோடு விற்பனைக்குக் கொடுங்கள்.